டிராயரில் கிடந்த பேட்டரி: பயன்படுத்தாத சார்ஜ் எங்கே போகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் சாயங்காலம் இடி இடிக்க ஆரம்பித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போகும். டிராயரைத் தடவி டார்ச்லைட்டை எடுத்து அமுக்கினால் மினுக்கென்று ஒரு முறை எரிந்துவிட்டு அணைந்து போகும். உள்ளே இருப்பது பழைய பேட்டரி அல்ல, தீபாவளிக்கு முன்னால் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, அதற்கப்புறம் ஒரு நிமிடம்கூடப் பயன்படுத்தாமல் வைத்த பேட்டரி. அட்டையில் 2700 என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்திலேயே 2000 என்று போட்ட இன்னொரு வகை, அதைவிட அதிக விலைக்கு, தொங்கிக்கொண்டிருந்தது. எண் பெரிது, விலை குறைவு, யாராக இருந்தாலும் முதலாவதைத்தான் எடுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது. எப்போதாவது மட்டும் எடுக்கும் சாமானுக்கு அந்தப் பெரிய எண் தவறான எண். பார்க்க வேண்டியது எவ்வளவு கொள்ளும் என்பதை அல்ல, சும்மா கிடக்கும்போது எவ்வளவு வடியும் என்பதை. அதை எல்லாக் கம்பெனியும் அட்டையில் போடுவதில்லை, போட்டாலும் கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய எழுத்தில் இருக்கும்.

முதலில் மூன்று சொற்கள்

1. கொள்ளளவு. மில்லி ஆம்பியர் மணி என்ற அளவில் சொல்கிறார்கள். 2000 மில்லி ஆம்பியர் மணி என்றால், 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு டார்ச் ஏறக்குறைய 10 மணி நேரம் எரியும். அட்டையில் இருக்கும் எண் இதுதான். சார்ஜ் ஏற்றிய உடனே அளந்த எண் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

2. மின்னழுத்தம். கடையில் வாங்கித் தீர்ந்ததும் தூக்கிப் போடும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட். இந்த 0.3 வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய, கீழே வருகிறேன்.

3. தானே வடிதல். எதிலும் மாட்டாமல், சுவிட்ச் போடாமல், சும்மா மேசைமேல் கிடக்கும்போதே பேட்டரிக்குள் இருக்கும் சார்ஜ் குறைவது. இது பழுது இல்லை, எல்லா பேட்டரிக்கும் உள்ள குணம். அளவில்தான் வித்தியாசம். அல்கலைன் வருடத்துக்கு 2, 3 விழுக்காடு இழக்கும். போனில் இருக்கிற லித்தியம் அயான் மாதத்துக்கு ஏறத்தாழ அதே அளவு. மோட்டார் சைக்கிளின் ஈய பேட்டரி மாதத்துக்கு 5 விழுக்காடு வரை. பழைய வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் இந்த வரிசையில் மோசம்: முதல் நாளிலேயே 5 முதல் 20 விழுக்காடு, அப்புறம் மாதத்துக்கு 20, 30 விழுக்காடு என்று போய்க்கொண்டே இருக்கும்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குச் சொல்வதென்றால், இது அடியில் ஊசித் துளை விழுந்த மங்கு, அதாவது பால் பிடிக்கிற கிண்ணம். மங்கு எவ்வளவு பெரிது என்பது முக்கியமே இல்லை, காலையில் வந்து பார்க்கும்போது உள்ளே என்ன மிச்சம் என்பதுதான் கணக்கு.

உள்ளே என்ன நடக்கிறது

டபுள் ஏ, டிரிபிள் ஏ அளவில் கடையில் தொங்குகிற திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரிகளில் பெரும்பாலானவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. பெயர் பயமுறுத்தும், அமைப்பு எளிது. ஒரு பக்கம் நிக்கல் ஆக்சி ஹைட்ராக்சைடு, இது நேர்முனை. இன்னொரு பக்கம் ஹைட்ரஜனை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு உலோகக் கலவை, இது எதிர்முனை. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய துணி மாதிரி ஒரு தடுப்பு. எல்லாம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் ஊறிக்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் சுருட்டி டப்பாவுக்குள் அடைத்தால் பேட்டரி.

சார்ஜ் என்பது இரண்டு பக்கத்தையும் வலுக்கட்டாயமாக ஒரு நிலையில் தள்ளி வைப்பது. இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கும். வெளியே கம்பி வழியாகத் திரும்பினால் டார்ச் எரியும். உள்ளுக்குள்ளேயே குறுக்கு வழி கண்டுபிடித்துத் திரும்பினால் வெளிச்சமும் இல்லை, பயனும் இல்லை, சார்ஜ் மட்டும் போய்விடும். அந்தக் குறுக்கு வழிகள் நான்கு.

1. ஹைட்ரஜன் கசிவு. உலோகக் கலவை பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜனில் கொஞ்சம் வாயுவாக வெளியேறி, தடுப்பைத் தாண்டி நேர்முனைக்குப் போய் அங்கே உள்ள நிக்கலோடு வினைபுரியும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி.

2. ஆக்சிஜன். சார்ஜ் ஏறிய நிக்கல் பக்கம் அவ்வளவு நிலையானது கிடையாது. தானாகவே ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும், சூடு ஏற ஏற இது வேகமாகும்.

3. நைட்ரஜன் சேர்மங்களின் ஓட்டம். மிகப் பெரிய திருடன் இதுதான் என்று சொல்லலாம். ஆரம்ப காலத்தில் தடுப்புத் துணியை நைலான் வகையில் செய்தார்கள். காரக் கரைசலில் ஊறி ஊறி நைலான் சிதைந்து, அதிலிருந்து அம்மோனியா மாதிரியான பொருள்கள் வெளிவரும். அது ஒரு முனைக்குப் போய் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறும், அங்கிருந்து மறுமுனைக்கு வந்து மறுபடி அம்மோனியாவாகும், திரும்பப் போகும், திரும்ப வரும். ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் சார்ஜைச் சுமந்துகொண்டு போய் வீணாக்கும். தான் மட்டும் தீர்ந்து போகாது! வாளி தூக்குகிற ஆள் களைக்காமல் ராப்பகலாக நடந்துகொண்டே இருந்தால் தொட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

4. உலோகத் துகள் பாலம். கலவையில் உள்ள கோபால்ட், மாங்கனீஸ் மெல்லக் கரைந்து வந்து தடுப்புத் துணிக்குள் படியும். படிந்து படிந்து மின்சாரம் கடக்கிற ஒற்றையடிப் பாதை உண்டாகும். பழைய பேட்டரி புதியதைவிட வேகமாக வடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2005-இல் மாறியது என்ன

இந்த வகை பேட்டரி 1990-ஐ ஒட்டிக் கடைக்கு வந்தபோது, அதற்கு முன்னால் இருந்த நிக்கல் காட்மியத்தைவிட அதிகம் கொள்ளும், காட்மியம் என்ற நச்சு உலோகமும் இல்லை என்பதால் எல்லோரும் மாறினார்கள். அடுத்த பதினைந்து வருடம் கம்பெனிகள் ஒரே ஒரு எண்ணைத்தான் துரத்தின: கொள்ளளவு. 1200, 1600, 2100, 2500, 2700. ஒரே அளவு டப்பாவுக்குள் அதிகம் திணிக்க வேண்டுமானால் எதையாவது மெலிதாக்க வேண்டும், தடுப்புத் துணி மெலிந்தது. எண் ஏற ஏற வடிதலும் ஏறியது. டிஜிட்டல் கேமராவில் போட்டு அன்றைக்கே தீர்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. டார்ச்சில் போட்டு மறந்தவர்தான் மாட்டிக்கொண்டார்.

2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ, எனலூப் என்ற பெயரில் நேரெதிர் வழியில் ஒரு பேட்டரி விட்டது. டபுள் ஏ கொள்ளளவு வெறும் 2000. ஆனால் ஒரு வருடம் சும்மா வைத்தாலும் 85 விழுக்காடு மிச்சம் இருக்கும் என்றார்கள். பெரிய மந்திரம் எதுவும் இல்லை, மேலே சொன்ன ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள், அவ்வளவுதான். நைலானுக்குப் பதில் கந்தக அமில முறையில் பதப்படுத்திய பாலியோலெஃபின் என்ற பிளாஸ்டிக் துணி வந்தது. இது சிதைவதும் இல்லை, சுற்றித் திரிகிற அம்மோனியாவைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும், ஆக மூன்றாவது திருடனைச் சிறையில் போட்டாயிற்று. உலோகக் கலவையை மாற்றி, கோபால்ட்டும் மாங்கனீஸும் கரைந்து வருவதைக் குறைத்தார்கள். நேர்முனையையும் உறுதிப்படுத்தினார்கள். விலையாகக் கொடுத்தது கொஞ்சம் இடம், அதனால்தான் எண் 2000-இல் நின்றது.

சான்யோ பிறகு பானசோனிக்கின் கைக்குப் போனது, எனலூப் பெயர் தொடர்ந்தது. பின்னால் வந்த தலைமுறைகளுக்கு 10 வருடம் வைத்தாலும் 70 விழுக்காடு மிச்சம் என்று சொல்லுகிறார்கள். அதே பெயரில் 2500 கொள்ளும் புரோ வகையும் உண்டு, அதற்குச் சொல்வது ஒரு வருடத்துக்கு 85 விழுக்காடுதான், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் தடவைகளும் சாதாரண எனலூப்பைவிட வெகு குறைவு. ஒரே கம்பெனி, ஒரே தொழில்நுட்பம், இருந்தும் எண்ணைக் கூட்டியதும் ஆயுள் குறைகிறது. இன்று வேறு பல கம்பெனிகளும் இந்த வகையைச் செய்கின்றன, எனலூப்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டு எண்ணை வைத்து ஒரு கணக்கு

சாதாரண வகை 2500, வடிதல் குறைந்த வகை 2000. சாதாரணமானது மாதத்துக்குக் கால் பங்கு இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. சார்ஜ் ஏற்றிய அன்று: 2500-க்கு 2000. பெரிய எண் ஜெயிக்கிறது.

2. ஒரு மாதம் கழித்து: 1875. எதிரில் இருப்பது இன்னும் ஏறக்குறைய 1950. ஒரே மாதத்தில் முந்திவிட்டது.

3. மூன்று மாதம் கழித்து: சாதாரணத்தில் 1050 சொச்சம், பாதிக்கும் கீழே.

4. ஆறு மாதம் கழித்து: 450 கூடத் தேறாது. தீபாவளிக்குச் சார்ஜ் போட்டது சித்திரைப் புத்தாண்டுக்குள் முடிந்தது. குறைந்த வடிதல் வகையில் இன்னும் 1800 பக்கம் இருக்கும்.

வாங்குகிற அன்றைக்கு மட்டும் ஜெயிக்கிற எண்ணுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நம் ஊர் வெயிலைச் சேர்த்தால்

மேலே உள்ள எண் எல்லாம் ஒரு நிபந்தனையோடு வருகிறது. 10 வருடம், 70 விழுக்காடு என்ற கணக்கு 20 டிகிரியில் வைத்தால் என்று. 20 டிகிரி! கேமரன் மலையில் ராத்திரி வேண்டுமானால் அப்படி இருக்கும். இங்கே தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அறைக்குள்ளேயே 33, 34 ஆகிறது, ராத்திரியில்கூட 25-க்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

வேதிவினைகளுக்குப் பொதுவாக ஒரு தோராயக் கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தானே வடிதலும் வேதிவினைதான், அதற்கு மட்டும் விதிவிலக்கா? 20 டிகிரியில் மாதத்துக்குக் கால் பங்கு இழக்கும் சாதாரண பேட்டரி நம் வீட்டில் பாதிப் பங்கு இழக்கும் என்று வைத்துப் பாருங்கள். 2500, ஒரு மாதத்தில் 1250, இரண்டு மாதத்தில் 625, மூன்றாவது மாதம் 300 சொச்சம். டார்ச் மினுக்கிவிட்டு அணைந்ததன் காரணம் இதற்குள் இருக்கிறது. பேட்டரி போலி என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பது நல்லது.

அதே கணக்கில், 20 டிகிரியில் வருடத்துக்கு 15 விழுக்காடு இழக்கிற வகை இங்கே 30 இழக்கலாம். 2000-இல் 1400 மிச்சம். அட்டையில் எழுதியது கிடைக்காது, ஆனால் ஒரு வருடம் தொடாத டார்ச் நன்றாக எரியும். மிதமான ஊர்களில் இந்த வகை ஒரு வசதி. நமக்கு இது வெறும் வசதி மட்டும் இல்லை, சாதாரண வகை எங்கே அதிகமாகத் தோற்கிறதோ அங்கேதான் இதன் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு இன்னொரு கதை. அங்கே 60 டிகிரிக்கு மேல் போகும். காரில் டார்ச் வைக்கத்தான் வேண்டுமென்றால் சீட்டுக்குக் கீழே வையுங்கள், எந்த வகையாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜைப் பாருங்கள்.

அப்படியானால் பிரிட்ஜில் வைக்கலாமா? பல வீட்டில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் பேட்டரி இருப்பது தெரிந்த விஷயம். குளிரில் வடிதல் குறையும், அது உண்மை. ஆனால் வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்துப் படியும், முனைகள் துருப்பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் இருந்தால் பரவாயில்லை. வடிதல் குறைந்த வகைக்கு இந்தப் பாடு தேவையே இல்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தள்ளி வைத்தால் போதும்.

எந்தச் சாமானுக்கு எது

எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி என்று வாங்குவதில்தான் காசு வீணாகிறது. கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: இது எவ்வளவு இழுக்கும், எத்தனை நாளைக்கு ஒரு முறை எடுப்போம்?

1. தினமும் எடுக்கும் தலைவிளக்கு. விடியற்காலை இருட்டில் பால் வெட்டப் போகிறவர், ராத்திரிக் காவலாளி. தினமும் தீர்ந்து தினமும் சார்ஜ் ஏறுவதால் வடிதல் ஒரு பொருட்டே இல்லை, இங்கே பெரிய எண்ணுக்கு மதிப்பு உண்டு. இப்போது வருகிற தலைவிளக்குகள் பலவற்றில் தடித்த லித்தியம் அயான் பேட்டரிதான், அது போதும். (பழைய கார்பைடு விளக்குக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. நாற்றம் மட்டும்தான்.)

2. கரண்ட் போனால் எடுக்கும் டார்ச், வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடும் பையில் உள்ள டார்ச். வடிதல் குறைந்த வகை இதற்கென்றே பிறந்தது. அல்கலைன் இன்னும் மெதுவாகத்தான் வடியும், அதை மறுக்க முடியாது. ஆனால் அல்கலைனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சாமானுக்குள்ளேயே கிடந்து தீர்ந்து போனால் பொங்கிக் கசியும், வெளிவரும் காரம் ஸ்பிரிங்கை அரித்து டார்ச்சையே சாகடிக்கும். நிக்கல் வகையில் இப்படிக் கசிவது குறைவு. டார்ச்சில் போட்டு மறக்கிற வழக்கம் உள்ள வீட்டுக்கு இது பெரிய காரணம்.

3. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம் உண்டு, பெரும்பாலும் நான்கு டபுள் ஏ. பம்ப் ஓடும் அரை நிமிடம் நன்றாக இழுக்கும், அப்புறம் வாரக் கணக்கில் தூங்கும். அதிகம் இழுத்தல், அபூர்வமாக எடுத்தல் என்ற இந்தச் சேர்க்கைக்குச் சாதாரண நிக்கல் வகை ஆகவே ஆகாது, வடிதல் குறைந்த வகை நன்றாக ஓடும். ஒரே எச்சரிக்கை: கருவியின் கையேட்டில் அல்கலைன் மட்டும் என்று இருந்தால் அதையே போடுங்கள். 1.2 வோல்ட்டைப் பார்த்துச் சில கருவிகள் சீக்கிரமே பேட்டரி குறைவு என்று கத்தும்.

4. கோயில் வயர்லெஸ் மைக். திருவிழாவுக்கு எடுப்பார்கள், அப்புறம் அடுத்த விசேஷம் வரை அலமாரி. தீமிதி அன்று பூசாரி சங்கல்பம் சொல்லும்போது மைக் கரகரத்து நிற்பதற்கு, போன திருவிழாவில் சார்ஜ் போட்ட பேட்டரி என்பதைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இருக்காது. குறைந்த வடிதல் வகையில் இரண்டு ஜோடி, ஒரு ஜோடி மைக்கில், ஒரு ஜோடி பாக்கெட்டில். முதல் நாள் ஒரு முறை சார்ஜ் போட்டுவிடுங்கள்.

5. சுவர்க் கடிகாரம், ஆஸ்ட்ரோ ரிமோட். இவை இழுப்பது துளிக்கும் குறைவு. ஒரு அல்கலைன் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டும். திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரிக்குக் கொடுக்கும் அதிக விலை இங்கே திரும்பி வரப் பல வருடம் ஆகும். சும்மா விடுங்கள்.

6. எமர்ஜென்சி லைட். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆணியில் தொங்கிக்கொண்டே செத்துப்போகிற சாமான் இதைப்போல வேறு இல்லை. விலை குறைந்தவற்றில் உள்ளே இருப்பது அநேகமாக சின்ன ஈய பேட்டரி. மாதத்துக்குச் சில விழுக்காடுதான் வடியும், ஆனால் காலியான நிலையில் விட்டுவிட்டால் தகட்டின்மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, அப்புறம் சார்ஜ் ஏறவே ஏறாது. கரண்ட் வந்ததும் விளக்கை மறுபடி சார்ஜில் போடாமல் தொங்கவிட்டதுதான் பல வீட்டில் அதன் சாவுக்குக் காரணம். பயன்படுத்திய அன்றே சார்ஜ், பயன்படுத்தாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. லித்தியம் வகை என்றால் இவ்வளவு கண்டிப்பு இல்லை, ஆனாலும் அடிமட்டம் வரை காலியாக்கி மாதக் கணக்கில் போட்டு வைத்தால் அதுவும் கெடும்.

1.2 வோல்ட் என்ற பயம்

1.5 எங்கே, 1.2 எங்கே, வெளிச்சம் குறையாதா என்று கேட்கிறார்கள். அல்கலைன் 1.5-இல் தொடங்கும், அங்கேயே நிற்காது. எரிய எரிய இறங்கிக்கொண்டே வந்து பாதி வழியில் 1.2-ஐத் தொட்டு, 0.9 பக்கம் முடியும். நிக்கல் வகை கடைசி வரை 1.2-ஐ ஒட்டியே போய்க் கடைசியில் சரிந்து விழும். அதிகம் இழுக்கும் சாமானில் அல்கலைன் தன் கொள்ளளவில் பாதியைக்கூடத் தராது, நிக்கல் தரும். ஆகவே டார்ச், பொம்மைக் கார், கேமரா பிளாஷ் ஆகியவற்றில் 1.2 என்பது பிரச்சினை இல்லை, பல நேரம் அதுவே மேல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடைசி வரை 1.2-ஐ ஒட்டியே இருப்பதால், மீட்டர் வைத்துப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. 1.25 காட்டும் பேட்டரி முக்கால் நிரம்பியதாகவும் இருக்கலாம், கால் பங்காகவும் இருக்கலாம்.

கேபிள் குத்தும் 1.5 வோல்ட் லித்தியம் வகை

இப்போது ஆன்லைன் கடைகளில் அதிகம் தென்படுவது இது. டபுள் ஏ அளவிலேயே இருக்கும், பக்கவாட்டில் போன் கேபிள் குத்தும் துளை இருக்கும், 1.5 வோல்ட் என்று போட்டிருக்கும். உள்ளே 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றும், அதை 1.5-ஆக இறக்கிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட் ஒன்றும் இருக்கின்றன. தனி சார்ஜர் வேண்டாம் என்பது வசதிதான். வாங்கும் முன் மூன்று விஷயம்.

1. அட்டையில் 3000 என்று இருந்தால் அலகைப் பாருங்கள். அநேகமாக அது மில்லி வாட் மணி, அதாவது மில்லி ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கிய அளவு. 1.5-ஆல் வகுத்தால் 2000 மில்லி ஆம்பியர் மணிதான் வரும். 2000 கொள்ளும் நிக்கல் பேட்டரியை அதே அலகில் சொன்னால் 2400. ஏதோ இரண்டு மடங்கு என்று நினைத்து வாங்க வேண்டாம்.

2. அந்த சர்க்யூட் எப்போதும் விழித்தே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். லித்தியம் மெதுவாக வடியும் என்ற நல்ல குணத்தில் ஒரு பகுதி இதிலேயே கரைந்துவிடும். மாதக் கணக்கில் கிடக்கும் சாமானுக்கு என் ஓட்டு இன்னும் நிக்கலுக்குத்தான்.

3. அநேகமாக தீரும்வரை 1.5, தீர்ந்ததும் பூஜ்யம். நடுவில் மங்கலாகி எச்சரிக்காது. காட்டுப் பாதையில் நடக்கும்போது டார்ச் சட்டென்று அணைவதை யாரும் விரும்ப மாட்டார்கள். சில ரேடியோவில் அந்த சர்க்யூட்டின் இரைச்சலும் கேட்கும். சிக்னல் குறைவான பள்ளத்தில் உட்கார்ந்து சின்ன ரேடியோவில் மின்னல் எஃப்எம் கேட்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கடையில் நின்று பார்ப்பது

இரவுச் சந்தையில் டபுள் ஏ நிக்கல் பேட்டரி 3800, 4800 என்று போட்டு விற்றால் கேள்வியே இல்லை, பொய். இந்த அளவு டப்பாவுக்குள் 2700, 2800-க்கு மேல் அடைக்க இடம் இல்லை. டிரிபிள் ஏவுக்கு 1100 பக்கம் எல்லை. கையில் எடுத்ததும் காற்றாக இருந்தால் அதுவும் ஒரு தடயம், உருப்படியான டபுள் ஏ நிக்கல் பேட்டரி 25 கிராமுக்கு மேல் கனக்கும்.

வடிதல் குறைந்த வகையை அடையாளம் காண ஒரு சுலபமான வழி: ‘பிரீ சார்ஜ்டு’ அல்லது ‘ரெடி டு யூஸ்’ என்ற வார்த்தை. தொழிற்சாலையில் ஏற்றிய சார்ஜ் கப்பலேறி, கிடங்கில் கிடந்து, கடைக்கு வந்த பிறகும் மிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அப்படிப் போட முடியும். முதலில் சார்ஜ் செய்துவிட்டுப் பயன்படுத்தவும் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரண வகை.

வார்த்தையை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். மீட்டர் வேண்டாம், ஒற்றை பேட்டரியில் எரியும் டார்ச் ஒன்று போதும்.

1. புது பேட்டரி இரண்டை முழுக்கச் சார்ஜ் ஏற்றுங்கள்.

2. ஒன்றை உடனே டார்ச்சில் போட்டு மங்கும்வரை எரியவிட்டு நேரத்தைக் குறியுங்கள்.

3. மற்றதை ஒரு மாதம் டிராயரில் வைத்து, அப்புறம் அதே டார்ச்சில் எரியவிட்டு நேரத்தைக் குறியுங்கள்.

முதலாவது 8 மணி நேரம், இரண்டாவது 7 மணி நேரத்துக்கு மேல் என்றால் கடைக்காரர் சொன்னது உண்மை. இரண்டாவது 4, 5 மணி நேரத்தில் நின்றால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது சாதாரண வகைதான். இங்குள்ள சூட்டிலேயே செய்கிற சோதனை என்பதால் 20 டிகிரி அட்டைக் கணக்கைவிட இது நமக்குப் பொருத்தமானது.

நல்ல பேட்டரியைக் கெடுப்பது சார்ஜர்

நல்ல பேட்டரி வாங்கிவிட்டு, பழைய பேட்டரியோடு இலவசமாக வந்த சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் அதுவும் கொஞ்ச காலத்தில் வடிய ஆரம்பிக்கும். பழைய சார்ஜர்களுக்கு நிரம்பியது தெரியாது, நேரம் முடியும்வரை, அல்லது நாம் பிடுங்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். நிரம்பிய பிறகு தள்ளுவது எல்லாம் சூடாகிறது, சூட்டில் உள்ளே உள்ள ஈரம் வற்றும், தடுப்புத் துணி பாழாகும். தொட்டால் கை சுடும் அளவுக்குப் பேட்டரி கொதித்தால் அந்த சார்ஜரை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

நல்ல சார்ஜரில் ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு இருக்கும், ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்த்து, நிரம்பிய நேரத்தில் மின்னழுத்தம் லேசாகச் சரிவதை மோப்பம் பிடித்துத் தானே நிறுத்தும். ஒற்றைப்படையில், ஒரே ஒரு பேட்டரியைக்கூடச் சார்ஜ் செய்ய முடிகிறதா என்று கேளுங்கள். ஜோடியாகத்தான் போட வேண்டும் என்றால் அது பழைய வகை.

இன்னொன்று, புதியதையும் பழையதையும் ஒரே டார்ச்சில் கலக்க வேண்டாம். மூன்று பேட்டரி வரிசையில் இரண்டு நிரம்பியும் ஒன்று தீர்ந்தும் இருந்தால், தீர்ந்ததை மற்ற இரண்டும் சேர்ந்து தலைகீழாகச் சார்ஜ் ஏற்றும். அப்படி ஆனால் அந்த பேட்டரி கெட்டுப்போகலாம். ஒன்றாக வாங்கியதை ஒன்றாகவே போட்டு, ஒன்றாகவே சார்ஜ் ஏற்றுங்கள். மார்க்கர் பேனாவால் மேலே வாங்கிய மாதத்தை எழுதி வைத்தால் எது எந்த ஜோடி என்ற குழப்பமும் வராது.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் கொல்லையில் குப்பையோடு சேர்த்து எரிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மூடிய டப்பா சூட்டில் வெடிக்கும், உள்ளே இருப்பது தோலை அரிக்கிற காரம், லித்தியம் வகை என்றால் அதைவிட ஆபத்து. முனைகளில் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, டவுனுக்குப் போகும்போது மின்னணுக் கழிவு வாங்கும் பெட்டி இருக்கும் கடையில் போட்டுவிடுங்கள்.